7டி போதுமா, ஆர்7 வேண்டுமா: நீலகிரிச் சோலைகளில் பறவைப் படம் எடுப்பவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பறவைப் படம் எடுக்கும் நண்பர்கள் பலர் கையில் இன்னும் கேனான் 7டி பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) இஎஃப் 400 எம்எம் எஃப்/5.6 லென்ஸும்தான் இருக்கின்றன. பாடி 2009-இல் வந்தது. லென்ஸ் அதைவிடப் பழையது, 1993-இல் வந்தது. இரண்டும் நன்றாக உழைத்தவை, இப்போதும் உழைப்பவை. ஆனாலும் பக்கத்தில் ஒருவர், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவோடு வந்து நின்று, இருட்டுக்குள் இருக்கும் பறவையின் கண்ணைச் சட்டென்று பிடித்துப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டால் மனசு கேட்பதில்லை. மாற்றலாமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோலைக்குள் திரியும் சின்னப் பறவைகள்தான் உங்கள் வேலை என்றால், கேனானின் மிரர்லெஸ் கேமராவான ஆர்7-க்கு மாறுவது கொடுக்கும் காசுக்குத் தகும். தேயிலைச் சரிவு, மலைமுகடு, ஊர்த் திருவிழா, வெட்டவெளியில் மேயும் காட்டெருமை என்றால் இப்போதைக்கு வேண்டாம். செகண்ட் ஹேண்டில் 7டி-யின் அடுத்த பதிப்பான 7டி மார்க் 2 வாங்கும் யோசனை அநேகமாக இரண்டுங்கெட்டானாகத்தான் முடியும். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதுதான் இனி வருவது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, 7டி-யைக் குடுத்துட்டு ஆர்7 எடுத்துடலாங்களா? லோன் போட்டாத்தான் முடியும்."

"எடுக்கலாம் தம்பி. அதுக்கு முன்னாடி, வேண்டாம்னு ஒதுக்கின படத்தையெல்லாம் அழிக்காம ஒரு மாசம் சேர்த்து வைங்க. அப்புறம் உட்கார்ந்து பிரிச்சுப் பார்க்கலாம்."

யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். நல்லா வந்த படங்களைப் பார்த்தால் கேமராவின் குறை தெரியாது. வீணாய்ப் போனவற்றைப் பார்த்தால்தான் தெரியும். கேனான் இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் மென்பொருளில் ரா ஃபைலை (கேமரா பதிந்த மூலக் கோப்பு) திறந்தால், ஃபோகஸ் புள்ளி எங்கே விழுந்தது என்று காட்டச் சொல்லலாம். புள்ளி பறவைமேல் இருந்தும் படம் மங்கலா? புள்ளி முன்னால் இருந்த இலைக்குத் தாவிவிட்டதா? எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறதா? அப்படியென்றால் அது கை நடுக்கம். கிளை கூர்மையாக இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. ஃபோகஸ் சரி, ஆனால் நிழல் பகுதி முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது ஐஎஸ்ஓ நாய்ஸ், அதாவது இருட்டுக்காகச் சென்சாரின் உணர்திறனை (ஐஎஸ்ஓ) ஏற்றும்போது வரும் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் புது பாடிதான் மருந்து என்று நினைத்தால் லட்ச ரூபாய் போன பிறகும் பாதிக் குறை அப்படியே இருக்கும்.

சோலைக்குள் வெளிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் முழு வழக்கும் அதில்தான் நிற்கிறது. கோத்தகிரியின் லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 116 ஹெக்டேர்தான். 2024-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, பாசி போர்த்தி நிற்கின்றன. மேலே இலைக்கூரை மூடியிருக்கிறது. மேகம் மூடிய காலையில் கீழே புதர்மட்டத்தில், லென்ஸின் எஃப்/5.6 திறப்பில், 1/125 நொடி ஷட்டர் கிடைக்க ஐஎஸ்ஓ 6400 வரை போக வேண்டியிருக்கும். 7டி-யின் சாதாரண உச்சமே அந்த 6400-தான். அதற்கு மேல் 12800-ஐ விரிவாக்கமாகத் திறந்துகொள்ளலாம், ஆனால் அதில் எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

இப்போது இன்னொரு பக்கம். 7டி-யின் சென்சார் அளவுக்கு 400 எம்எம் லென்ஸ் 640 எம்எம் போலப் பார்க்கும். கையில் பிடித்து எடுத்தால் 1/640 நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. அதே வெளிச்சத்தில் 1/640 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 32000 ஆகிறது. அது 7டி-யில் இல்லவே இல்லை. இந்த லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரும் கிடையாது. ஆக, கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் மூன்றரை மீட்டரில், அதாவது லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரத்தில், புதர்க் குச்சியில் அசையாமல் வந்து உட்கார்ந்து தரிசனம் கொடுத்தாலும், கையில் பிடித்த படத்தில் இறகின் நுணுக்கம் வராது. பறவை கூச்சப்படாமல் அவ்வளவு கிட்ட வருவது இந்த மலையின் கொடை. அதைக் கண்ணால் பார்த்தும் படத்தில் பிடிக்க முடியாமல் போவது எவ்வளவு வலிக்கும் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியும்.

காசு செலவழிக்கும் முன் 7டி-யிலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. முதலில் ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள். 2012-இல் கேனான் கொடுத்த 2-ஆம் பதிப்பு, தொடர்ந்து எடுக்கக்கூடிய ரா படங்களின் எண்ணிக்கையை 15-இலிருந்து 25 ஆக்கியது. ஆட்டோ ஐஎஸ்ஓ எதுவரை போகலாம் என்று எல்லை வைக்கும் வசதியும் அதில்தான் வந்தது. கை மாறி வந்த சில பாடிகளில் இன்றும் பழைய பதிப்பே இருக்கிறது.

அடுத்தது ஸ்பாட் ஃபோகஸ். மெனுவுக்குள் போய் இயக்கினால்தான் தெரியும். சாதாரண ஒற்றைப் புள்ளியைவிடச் சின்ன இடத்தைப் பார்க்கும் என்பதால் குச்சிகளுக்கு நடுவில் இருக்கும் பறவையைப் பிடிக்க உதவும். வெளிச்சம் மிகக் குறைந்தால் தடுமாறும், ஆனாலும் சோலை ஓரத்தில் பலன் உண்டு. மூன்றாவது, மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட். கண்ணாடி வைத்த கேமராக்களில் ஃபோகஸ் அளக்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் எடுக்கும் படமெல்லாம் கொஞ்சம் முன்னால் அல்லது பின்னால் விழும். முக்காலியில் வைத்து, செய்தித்தாள் எழுத்தைச் சாய்வாக எடுத்துப் பார்த்து, கூட்டல் 20 முதல் கழித்தல் 20 வரையுள்ள அளவில் சரிசெய்துவிடலாம். "இந்த லென்ஸ் ஷார்ப் இல்லை" என்று வைகிறவர்களில் பலர் இதைச் செய்து பார்த்ததே இல்லை.

நாய்ஸுக்கு இன்று பாடியை மாற்றாமலே பெரிய தீர்வு வந்துவிட்டது. அடோபி லைட்ரூமில் 2023-இல் சேர்ந்த டீநாய்ஸ் 7டி-யின் பழைய ரா ஃபைல்களிலும் வேலை செய்கிறது. ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்த படம் அதில் போய்விட்டு வந்தால், பத்து வருஷத்துக்கு முன்னால் நாம் தூக்கிப் போட்டதெல்லாம் அச்சுக்குப் போகும் தரத்தில் இருக்கிறது. இதற்குக் கணினியில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஆனால் ஃபோகஸ் தப்பிய படத்தையும் கை நடுங்கிய படத்தையும் இதனால் மீட்க முடியாது. ஒதுக்கிய படங்களைப் பிரித்துப் பாருங்கள் என்று சொன்னதே இதற்காகத்தான். பிரச்சினை நாய்ஸ் மட்டும் என்றால் பாடி மாற்ற வேண்டியதில்லை. நடுக்கம் மட்டும் என்றால் ஒரு நல்ல மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) போதும்.

7டி மார்க் 2-ஐப் பற்றி. 2014-இல் வந்தது. 20.2 மெகாபிக்சல், 65 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 10 படம், நடுப்புள்ளி எஃப்/8 வரை வேலை செய்யும், மங்கிய வெளிச்சத்திலும் 7டி-யைவிட நன்றாகப் பிடிக்கும். ஃபோகஸ் விஷயத்தில் உண்மையான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. 7டி-யில் 19 புள்ளிகள். எஃப்/8 என்றால் கையை விரித்துவிடும். ஆனால் பறவைமேல் விழும் பிக்சல் கணக்கில், 7டி-யில் 400 எம்எம் லென்ஸுக்குப் பதில் 422 எம்எம் போட்ட மாதிரிதான், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பாடிக்குள் ஸ்டெபிலைசர் கிடையாது. 2020-இல் வந்த 850டி-க்குப் பிறகு கேனான் கண்ணாடி வைத்த புது டிஎஸ்எல்ஆர் கேமரா எதுவும் கொண்டுவரவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். தெரிந்தவர் கையிலிருந்து, நன்றாக வைத்திருந்ததாய், மிக மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். கடையில் கேட்கும் விலைக்கு வாங்கினால், இரண்டு வருஷத்தில் இதே கேள்வி மறுபடி வரும்.

ஆர்7 2022-இல் வந்தது. அதில் நமக்குப் பயன்படுவது மூன்று விஷயம்.

முதலாவது பிக்சல். 32.5 மெகாபிக்சல் என்ற எண்ணைவிட, படத்தின் அகலம் 5184 பிக்சலிலிருந்து 6960 ஆகிறது என்று பார்த்தால் விளங்கும். சென்சார் அளவு கிட்டத்தட்ட அதேதான். அதனால் 400 எம்எம் லென்ஸ் 7டி-யில் 537 எம்எம் இருந்தால் எவ்வளவு பிக்சல் பறவைமேல் விழுமோ, அவ்வளவு ஆர்7-இல் விழும். லென்ஸின் நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் போட்டதற்குக் கிட்டத்தட்டச் சமம், அதுவும் வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப்பை, அதாவது பாதியை, பறிகொடுக்காமல். உச்சிக் கிளையில் உட்காரும் நீலகிரிக் காட்டுப்புறாவுக்கு இது பெரிய வித்தியாசம்.

இரண்டாவது, பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர். என்னைக் கேட்டால் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி நியாயம் இதில்தான் இருக்கிறது. முப்பது வருஷம் ஸ்டெபிலைசர் இல்லாமலே இருந்த 400 எஃப்/5.6, அடாப்டர் வழியாக ஆர்7-இல் ஏறியதும் ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸாகிவிடுகிறது. கேனான் 7 ஸ்டாப் என்கிறது. அதை 400 எம்எம்முக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லென்ஸ் நீள நீள, அதே நடுக்கத்தைச் சரிக்கட்ட சென்சார் இன்னும் அதிக தூரம் நகர வேண்டியிருக்கும், அதற்கு எல்லை உண்டு. இரண்டு, மூன்று ஸ்டாப் கிடைத்தாலே 1/640 கேட்ட இடத்தில் 1/125 போதும். மேலே போட்ட கணக்கில் 32000 கேட்டது 6400-க்கு இறங்கிவிடுகிறது. 6400 ஆர்7-க்கு எட்டும் தூரம், டீநாய்ஸும் சேர்ந்தால் தாராளம். ஆனால் இது நம் கையைத்தான் கட்டும், பறவையைக் கட்டாது. அசையாமல் உட்காரும் ஈப்பிடிப்பானுக்குப் பலன் முழுசு. கும்பலாகத் தாவிக்கொண்டே போகும் நீலகிரிச் சிரிப்பானுக்கு வேகமான ஷட்டரே வேண்டும், அங்கே பாதிப் பலன்தான்.

மூன்றாவது ஃபோகஸ். படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் என்ற வேலையே இல்லை. பறவையைத் தானாக அடையாளம் கண்டு கண்ணில் போய் நிற்கிறது. புதருக்குள் சில சமயம் முன்னால் உள்ள இலைக்கு ஏமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறிக்கொள்ள ஒரு பட்டனை ஒதுக்கி வைப்பது அவசியம். இன்னொன்றும் உண்டு. எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் இருட்டைத் தானே வெளிச்சமாக்கிக் காட்டும். 7டி-யில் எஃப்/5.6 லென்ஸோடு அடர்ந்த சோலைக்குள் பார்த்தால் பறவை எங்கே என்று கண்டுபிடிக்கவே நேரமாகும்.

ஆர்7 செய்யாததையும் சொல்ல வேண்டும். மூடுபனியில் அதுவும் திணறும். எந்த ஃபோகஸ் முறையும் விளிம்புகளின் வேறுபாட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது, பனி அந்த வேறுபாட்டைத்தான் தின்றுவிடுகிறது. அடுத்து, எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 30 படம் என்பதில் மயங்காதீர்கள். சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்க ஏறத்தாழ 1/30 நொடி ஆகிறது. அதற்குள் சிறகு நகர்ந்துவிட்டால் படத்தில் வளைந்து, நெளிந்து தெரியும். பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரின் 15 படமே சரி. சத்தம் வரும், பரவாயில்லை. விலங்குகளை அடையாளம் காணும் வசதியில் கேனான் இந்தப் பாடிக்குச் சொல்லியிருப்பது நாய், பூனை, பறவை மட்டும். முக்குருத்தி வரையாட்டுக்கோ காட்டெருமைக்கோ உத்தரவாதம் இல்லை. அவ்வளவு பெரிய உருவத்துக்கு 7டி-யின் நடுப்புள்ளியே போதும்.

விலை பாடிக்கு மட்டும் லட்சத்துக்கு மேல் போகும். அதோடு முடிவதில்லை. இஎஃப் லென்ஸ் மாட்ட அடாப்டர் வேண்டும். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத வளையம்தான், கேனானின் சொந்த இஎஃப் லென்ஸ்களில் ஃபோகஸும் திறப்பும் குறையில்லாமல் வேலை செய்யும். பழைய சிக்மா, டாம்ரான் என்றால் கடையிலேயே மாட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 7டி-யின் சிஎஃப் கார்டுகள் இதில் நுழையாது, வேகமான எஸ்டி கார்டு புதிதாக வாங்க வேண்டும். பலர் கவனிக்காத செலவு மென்பொருளில் இருக்கிறது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிய லைட்ரூம் 6-ஐ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஆர்7-இன் ரா ஃபைலான சிஆர்3 திறக்காது. அந்தப் பதிப்புக்குப் புதுப்பிப்பு 2017-ஓடு நின்றுபோனது, சிஆர்3 அதற்குப் பின்னால் வந்தது. ஹார்ட் டிஸ்க்கும் வேகமாக நிறையும். ஒரே ஆறுதல் பேட்டரி. 7டி-யின் எல்பி-இ6 ஆர்7-இலும் போகும். மிரர்லெஸ் பேட்டரியைச் சீக்கிரம் குடிப்பதாலும், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் பேட்டரி படுத்துவிடுவதாலும், பழையவற்றைச் சட்டைக்குள் வைத்துச் சூடாகக் கொண்டுபோவது உதவும்.

கேனானின் இன்னொரு மிரர்லெஸ் பாடியான ஆர்10 மலிவு, லேசு, ஃபோகஸும் நன்று. பாடிக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. இந்த லென்ஸோடு என்றால் அதனாலேயே வேண்டாம். ஸ்டெபிலைசர் உள்ள லென்ஸ் வைத்திருப்பவர் தாராளமாகப் பார்க்கலாம். ஆர்6 மார்க் 2 போன்ற, சென்சார் பெரிதான ஃபுல் ஃபிரேம் பாடி இருட்டில் அழகாக வேலை செய்யும். ஆனால் 400 எம்எம் அதில் பறவைமேல் போடும் பிக்சல், 7டி-யில் 290 எம்எம் லென்ஸ் போட்ட அளவுக்குக் குறைந்துவிடும். அதைச் சரிக்கட்ட வாங்க வேண்டிய லென்ஸின் விலையைக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பாடியை விட்டுவிட்டு லென்ஸை மாற்றினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 2014-இல் வந்த இஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஒரு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகும், 7டி-யிலும் போகும், நாளை ஆர்7 வாங்கினாலும் போகும். பறவையோடு வண்ணத்துப்பூச்சி, தவளை, ஆர்க்கிட் எல்லாம் எடுப்பவருக்கு நான் முதலில் இந்த லென்ஸைத்தான் சொல்வேன். பறவை மட்டும் என்றால் பாடி. 400 எஃப்/5.6 வெறும் 1.25 கிலோ. நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டி ஏறி இறங்குகிறவர்களுக்கு அந்த எடைக்கு மதிப்பு உண்டு.

நிலக்காட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தொட்டபெட்டாவில் விடியலின்போது வானத்தைக் காப்பாற்றி எடுத்துவிட்டுப் பள்ளத்தாக்கின் நிழலைப் பிறகு தூக்கினால், 7டி-யில் கோடுகோடாகத் தெரியும். அந்தப் பாடியின் பிறவிக் குறை அது, ஆர்7-இல் அப்படி இல்லை. ஆனால் முக்காலியில் வைத்து வெளிச்ச அளவை மாற்றி மூன்று படம் எடுத்து இணைத்துவிட்டால் 7டி-யிலேயே வேலை முடிந்துவிடும். மலை எங்கேயும் ஓடிப் போவதில்லை.

எந்தப் பாடியாக இருந்தாலும் இந்த ஊரில் அதற்கு எதிரி ஈரம். ஊட்டிக் குளிரில் இருந்த கேமராவோடு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மசினகுடி வந்ததும் பையைத் திறந்தால், வெதுவெதுப்பான காற்றின் ஈரம் முழுக்க லென்ஸ்மேல் வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விட்டுவையுங்கள். பழைய பாடி, லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பூஞ்சைக் கோலம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, ரப்பர் பிடி உப்பியிருக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் அலமாரியில் கிடந்த கேமராவை அது காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டரை 7டி-க்கு 1,50,000 தடவைக்கும் மார்க் 2-க்கு 2,00,000 தடவைக்கும் சோதித்ததாகக் கேனான் சொல்கிறது. ஷட்டர் இதுவரை எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கை படக் கோப்பில் பதிவாகாது என்பதால் விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்தத் தம்பியின் படங்களைப் பிரித்துப் பார்த்ததில் நடுக்கமும் இலைக்குத் தாவிய ஃபோகஸும்தான் மிகுதி. எல்லாம் சோலைக்குள் எடுத்தவை. அவருக்கு ஆர்7 சரி என்றுதான் சொன்னேன், லோன் இல்லாமல் தீபாவளி போனஸ் வரை காத்திருக்கச் சொன்னேன். 7டி-யை விற்க வேண்டாம் என்றும் சொன்னேன். இன்று அதற்குக் கிடைக்கும் விலை ஒரு நல்ல எஸ்டி கார்டுக்கும் அடாப்டருக்கும் சரியாகப் போய்விடும். அதைவிட, வைட் லென்ஸை நிரந்தரமாக அதில் மாட்டி வைத்துக்கொண்டால், பனியும் தூறலுமாக இருக்கும்போது ஆர்7-இன் லென்ஸைக் கழற்றிச் சென்சாரைத் திறந்து காட்ட வேண்டிய அவசியமே வராது.